நான் கெடுத்துட்டேன் மேடம்

என் முதுகலை மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியில் 'ஹேக் அண்ட் ஸ்லாஷ்' என்ற புதிர் விளையாட்டைக் காட்டினாள். அமெரிக்காவின் டபுள் ஃபைன் நிறுவனம் 2014இல் வெளியிட்டது. நாயகி பெயர் ஆலிஸ். தொடக்கத்திலேயே அவள் வாள் உடைகிறது. உள்ளே இருப்பது யுஎஸ்பி முனை. எதிரியை வெட்ட வேண்டாம். அந்த முனையைச் செருகி அவன் பலத்தின் அளவையே மாற்றிவிடலாம். போகப்போக விளையாட்டின் நிரலுக்குள்ளேயே நுழைந்து திருத்தலாம். ஏடாகூடமாகத் திருத்தினால் விளையாட்டே நின்றுபோகும்.

நின்றுபோனது. "ஸாரி மேடம், நான் கெடுத்துட்டேன்" என்றாள்.

எதற்கு ஸாரி? அவள் கணினி, அவள் விளையாட்டு. கெடுத்துப் பார்ப்பதுதான் அங்கே ஆட்டமே. முன்பு சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினால் முடிந்தது. ஆனாலும் மன்னிப்பு அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை அங்கே வைத்தவர்கள் நாம்.

எங்கள் வீட்டில் அண்ணன் ரேடியோவைப் பிரித்துப் போட்டால் 'எஞ்சினியர் மூளை'. நான் மிக்ஸியின் திருகாணியில் கை வைத்தால் 'உனக்கெதுக்கு இந்த வேலை, கெடுத்து வைக்காதே'. தினமும் அதில் அரைப்பவள் நான். கழுவலாம், துடைக்கலாம், திறக்கக் கூடாது. இந்தப் பாடம் கணினிக்கூடம்வரை தொடர்கிறது. இருவருக்கு ஒரு கணினி என்றால் விசைப்பலகை பையனிடம், குறிப்பேடு பெண்ணிடம்.

பெண்ணுக்கு நிரல் வராது என்பது பின்னாளில் எழுதிச் சேர்த்த விதி. எனியாக் கணினிக்கு நிரலமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1946 பிப்ரவரியில் அதை உலகுக்குக் காட்டியபோது அவர்களை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. புகைப்படங்களில் நிற்பவர்களை, இயந்திரம் எடுப்பாகத் தெரிய நிறுத்திய மாடல்கள் என்றுகூடப் பிற்பாடு சொன்னார்கள்.

'நாயகி பெண்தானே, போதாதா?' என்று கேட்பார்கள். போதாது. நாயகன் இடத்தில் பெண்ணை நிறுத்துவது வேஷ மாற்றம். ஆலிஸின் கையில் திருத்தும் கருவி இருக்கிறது. அவள் கெடுத்தாலும் ஆட்டத்தை விட்டு யாரும் விரட்டுவதில்லை. எனக்கு வேண்டியது அது.

விதிகளை மாற்றுங்கள் என்று மேடைதோறும் பெண்களிடம் முழங்குகிறோம். ஒரு மிக்ஸியைக்கூடத் திறக்கவிடாமல் வளர்த்துவிட்டு எதை மாற்றச் சொல்கிறோம்?

அன்று அவளிடம் "பரவாயில்லம்மா" என்றேன். தவறு என்னுடையது. பரவாயில்லை என்பது குற்றத்தை மன்னிப்பவர் சொல்லும் சொல். "இன்னொரு தடவை கெடு, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும்.