காடு, குகை, தீவு

சங்கரன்கோவிலிலிருந்து ஓர் அன்பர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விடுமுறையில் குழந்தைகளை எங்கேயாவது அழைத்துச் செல்ல வேண்டுமாம். "கோயில் குளமெல்லாம் பார்த்தாகிவிட்டது. மழைக்காடு, குகை, தீவு மூன்றையும் ஒரே பிரயாணத்தில் காட்டுவதாக விளம்பரம் வந்திருக்கிறது. போகலாமா?" என்று கேட்கிறார். விளம்பரத் தாளையும் கூடவே அனுப்பியிருக்கிறார். வழவழப்பான காகிதம், கண்ணைப் பறிக்கும் வர்ணங்கள். போர்னியோவில் முலு குகைகள், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பலாவான் தீவில் பூமிக்கடியில் ஓடும் நதி, எல்லாவற்றுக்கும் கடைசியில், "நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்றது" என்ற குறிப்புடன் நமது அந்தமானைச் சேர்ந்த பாராடாங் தீவு.

முலுவும் பலாவானும் உலகம் போற்றும் இடங்கள். கையில் பணம் உள்ளவர்கள் போய்விட்டு வரட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. பாராடாங் விஷயம் அப்படியல்ல. அது நம் வீட்டு விஷயமாகையால் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தமான் என்றவுடன் தேசபக்தர்கள் செக்கிழுத்த செல்லுலார் சிறைதான் நம் மனக்கண் முன் வந்து நிற்கும். அச்சிறை உள்ள நகரம் வெகுகாலம் போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று நாமகரணம் பெற்றது. அங்கிருந்து வடக்கே பாராடாங் நோக்கிச் செல்லும் பெரிய சாலை, ஜாரவர் என்னும் ஆதிகுடிகளின் காட்டை ஊடுருவிக்கொண்டு போகிறது. ஜாரவர் மொத்தத்தில் சில நூறு பேரே. அந்நியரைக் கண்டால் அம்பு தொடுத்து வந்த அவர்கள், 1997-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்துதான் பகையை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். இரண்டே வருஷத்தில், 1999-இல், தட்டம்மை அவர்களிடையே புகுந்துவிட்டது. காட்டின் ஊடே செல்லும் சாலைப் பகுதியை மூட வேண்டுமென்று 2002-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. ஜாரவப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் படக்காட்சி ஒன்று 2012-இல் வெளியாகி, உலகத்தார் முன் நம் தேசத்தின் மானத்தைக் கப்பலேற்றியது. மறு வருஷம் ஜனவரியில் உல்லாசப் பிரயாணிகள் அச்சாலையில் செல்லக் கூடாதென்று கோர்ட்டார் தடுத்தார்கள். மார்ச்சில் தடை நீங்கிவிட்டது.

வண்டிகள் காவலுடன் வரிசையாகச் செல்ல வேண்டும், வழியில் நிறுத்தலாகாது, படம் எடுக்கலாகாது. விதிகளெல்லாம் நல்ல விதிகளே. ஆனால் சுண்ணாம்புக் குகையைப் பார்க்கப் புறப்பட்டவர்களின் கண்கள் குகையை நினைத்துக்கொண்டா இருக்கின்றன? வண்டியின் ஜன்னலில் அல்லவா ஒட்டிக்கொண்டிருக்கின்றன! மனிதரைப் பார்க்க மனிதர் டிக்கெட் வாங்கிச் செல்லும் அந்த வழியில் நம் குழந்தைகளை அழைத்துப் போவதை நாம் விரும்பவில்லை. கடல் மார்க்கமாகப் பாராடாங் செல்ல வசதி உண்டா என்று விசாரித்து, உண்டென்றால் போகலாம். இல்லையென்றால் சிறைச்சாலையைத் தரிசித்துவிட்டுத் திரும்புவதே மேல்.

அப்படியானால் குகைக்கு எங்கே போவது என்று அன்பர் கேட்கக் கூடும். பாராடாங்கிலும் முலுவிலும் இருப்பவை தண்ணீர் குடைந்த குகைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான புளிப்பேறி, சுண்ணாம்புக்கல்லை யுகக்கணக்கில் அரித்துவிடுகிறது. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாக விழுந்து விழுதுபோல் தொங்குகிறது. நம்முடைய மேற்குமலையோ கருங்கல் இனம்; அந்த வித்தை இங்கே பலிக்காது. ஜில்லாவில் கிடைத்த சுண்ணாம்புக்கல்லைத்தான் 1949 முதல் தாழையூத்தில் சிமெண்டாக்கி வருகிறோமே! ஆகையால் இந்தச் சீமையில் குகை வேண்டுமென்றால் உளியால்தான் குடைய வேண்டும். குடைந்தும் இருக்கிறார்கள். சங்கரன்கோவிலிலிருந்து சுரண்டை செல்லும் வழியில் வீரசிகாமணியில் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் இருக்கிறது. கடையநல்லூருக்கு அருகே திருமலாபுரத்துக் குடைவரையில், பாண்டிய நாட்டு ஓவியம் இன்னதென்று காட்டுவதற்காகவே தப்பிப் பிழைத்தவைபோல், மங்கிய சித்திரங்கள் சில எஞ்சியிருக்கின்றன.

கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. அங்குள்ள வெட்டுவான் கோயில் மலையைக் குடைந்ததன்று. மலையை மேலிருந்து கீழாக வெட்டி, நடுவில் நின்ற ஒரே பாறையைக் கோயிலாக்கியது. எல்லோராவின் கைலாசத்துக்குத் தம்பி என்று சொல்லலாம். சிகரம் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு ஊரார் தகப்பன் சிற்பி, மகன் சிற்பி என்று ஒரு கதை சொல்வார்கள். அதை அங்கேயே போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. அதே மலையில் சமண தீர்த்தங்கரர்களின் வரிசையும், அடியில் வட்டெழுத்துச் சாசனங்களும் உண்டு. மலைக்குப் பெயர் கொடுத்த பறவையைத்தான் காணோம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்னும் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைப் பாரதம் முழுவதும் கொன்று குவித்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் அப்பறவைகள் கூடு கட்டுமிடம் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்குத்தான்.

இனி மழைக்காடு. ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போனவர்களுக்கு அந்த ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோமதி அம்பாள் தவமிருக்கும் அதே நாட்களில் கண்ணிலும் வாயிலும் புழுதியை வாரி அடிக்கும். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை முழுவதும் மேகம். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வந்த நீரையெல்லாம் மலையில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கரிசல் காட்டுக்கு வருகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தப்பி வருவதுதான் குற்றாலத்துச் சாரல். ஒரே வானத்தின் கீழ் இங்கே புழுதி, அங்கே பெருமழை. குழந்தைகளுக்குப் பூகோள பாடம் சொல்ல இதைவிட வசதியான ஊர் வேறு ஏது?

பெருமழை பெய்யும் அந்த மேட்டில்தான் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988 முதல் இருந்து வருகிறது. மேற்குமலைத் தொடரின் இப்பகுதியையும் சேர்த்து 2012-இல் யுனெஸ்கோவார் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றினார்கள். அங்கே வெடிப்பலா என்று ஒரு மரம் உண்டு. பலாவைப்போல் முள்ளுள்ள காய்; முற்றினால் வெடிக்கும். பூக்கும் காலத்தில் கிளையெல்லாம் கொத்துக் கொத்தாகச் சதைப்பற்றுள்ள பூ. வேறு ஆகாரம் அருகும் சமயத்தில் சிங்கவால் குரங்கும் அணில்களும் பழந்தின்னி வௌவால்களும் அந்தப் பூவை நம்பித்தான் இருக்கின்றன; வௌவால்கள் மகரந்தத்தைச் சுமந்து சென்று பதிலுபகாரம் செய்கின்றன. இந்தக் கணக்கெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பார்த்து எழுதியது. அவர்களுக்கு முன்பே காட்டைப் படித்தவர்கள் காணி மக்கள். 1987-இல் திருவனந்தபுரத்து விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிச் சென்ற காணிகள், களைப்புத் தெரியாமலிருக்க ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். ஆரோக்கியப் பச்சை என்னும் அச்செடிதான் பின்னர் மருந்தாகி, வருமானத்தில் ஒரு பங்கு அவர்களுக்கும் கிடைக்க வழி செய்தது.

அகத்தியர் உறையும் பொதிகை உச்சிக்கு ஏற விரும்புவோருக்கு ஒரு செய்தி. தமிழ் முனிவரைக் காண மலையாள தேசத்து வழியாகத்தான் போக வேண்டும். கேரள வனத்துறையார் ஜனவரி முதல் மார்ச் வரை, தொகையை வரையறுத்து, அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறார்கள். பெண்களும் போகலாமென்று 2018-இல் அங்குள்ள ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தபின், மறு வருஷமே பெண்களும் ஏறினார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஜனங்கள் திரளாகக் காட்டுக்குள் செல்வது ஆடி அமாவாசைக்கு. காரையாற்றில் சொரிமுத்து ஐயனாரைக் கும்பிட்டு, பட்டவராயன் சந்நிதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டிவிட்டு வருவார்கள். புலிகள் காப்பகத்துக்குள் இத்தனை கூட்டமா என்று முகஞ்சுளிக்கும் படித்தவர்களை நாம் அறிவோம். புலிக்குக் காப்பகம் ஏற்படுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே அங்கு குடில் போட்டுத் தங்கியவர்களின் சந்ததிகள் இவர்கள். விடுதி கட்டி, ஜீப்பு ஓட்டிக் காசு பார்ப்பவர்களைவிட இவர்களுக்கு உரிமை அதிகம். ஆயினும், தங்கும் நாட்களையும் வண்டிகளையும் அதிகாரிகள் குறைத்தது நியாயமே என்று நாம் கருதுகிறோம். உரிமை பக்திக்குத்தானே தவிர, பிளாஸ்டிக் பைக்கு இல்லை. கீழே பாபநாசத்தில் பரிகாரம் என்ற பெயரில் உடுத்த துணியை ஆற்றில் விட்டுவரும் வழக்கத்தை எந்த சாஸ்திரம் விதித்தது? மூட்டை மூட்டையாக அதை வாரி எடுப்பதற்கென்றே தொண்டர்கள் இறங்க வேண்டியிருக்கிறது.

குற்றாலத்திலும் இதே கதைதான். அருவி தேய்த்துவிடுகிற அளவுக்கு எந்தச் சோப்பும் தேய்க்காது; இருந்தும் கையில் சோப்புடன் நிற்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்றும் பெற்றோர் கவனிக்க வேண்டும். மலையுச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று. "இன்று குளிக்கத் தடை" என்று காவலர் சொன்னால், ஐம்பது மைல் வந்தோமே என்று அவருடன் வழக்காட வேண்டாம்.

குற்றாலத்து நீர் சிற்றாறாகி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் கடலைச் சேருகிறது. காட்டில் கரைத்த சோப்பு எங்கே போகிறதென்று இப்போது விளங்கும். அந்தக் கடல்தான் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாக 21 தீவுகள். 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளப்பூச்சிகள் கட்டிய மதில் கடலுக்கடியில் அலையைத் தடுத்து நிறுத்த, மதிலுக்குப் பின்னால் மணல் சேர்ந்து நிற்பவை அவை. பவளமும் சுண்ணாம்புதானே? சூளைக்கும் கட்டடத்துக்குமாக அந்த மதிலைப் பல்லாண்டு காலம் வெட்டி எடுத்தார்கள். 2001-இல் புலிக்கும் யானைக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பைப் பவளத்துக்கும் கொடுத்தபிறகுதான் வெட்டுவது படிப்படியாக ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 21 என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் கணக்கில் இவ்விரண்டும் சேர்த்திதான். வெட்டாமல் விட்ட பவளத்தையும் 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் கடலின் சூடு வெளிறச் செய்தது.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் அதே கதியை அடைய இருந்தது. அதன் கடற்புறத்தில் கான்கிரீட்டில் வார்த்த செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்தது. மணல் மறுபடியும் சேரத் தொடங்கியது.

இத்தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. வனத்துறையார் அனுமதிக்கும் இடங்களில், அவர்கள் விடும் படகில் போய்ப் பார்க்கலாம். தென்மேற்குக் காற்று ஓயாத ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும். மாசி, பங்குனிதான் உகந்தது. படகிலிருந்து பவளமும் கடற்புல்லும் தெரியும். அந்தப் புல்லை மேயும் கடற்பசு தெரியும் என்று எந்த விளம்பரக்காரரும் உறுதி கூற முடியாது. மூச்சு வாங்க ஒரு கணம் மேலே வந்து மறைந்துவிடும் பிராணி அது. வடக்கே பாக் விரிகுடாவில் 2022-இல் அதற்கென்றே 448 சதுர கிலோமீட்டரில் ஒரு காப்பகம் ஏற்படுத்தினார்கள். வலையில் அகப்பட்ட கடற்பசுவை, வலை போனாலும் போகிறதென்று அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறையார் சன்மானம் வழங்கியிருக்கிறார்கள்.