லோகோவா, கல்யாணப் பத்திரிகையா?

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தமிழ் எழுத்துப்பிழை திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம். கட்டற்ற மென்பொருள். போன வாரம் அதற்கு லோகோ வேண்டும் என்று பேச்சு வந்தது. நண்பன் ஒருவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்து வந்தான். ஓலைச்சுவடி, எழுத்தாணி, நடுவில் 'அ', பின்னால் உலக உருண்டை, எல்லாவற்றுக்கும் நிழல், மேலே பளபளப்பு. "சூப்பர் மச்சி" என்றார்கள். நான் அதை 16 பிக்சலுக்குச் சுருக்கிக் காட்டினேன். மிதிபட்ட ஜாங்கிரி மாதிரி இருந்தது. அவன் இன்னும் என்னோடு பேசவில்லை.

பரவாயில்லை, என் கட்சி மாறவில்லை. மென்பொருள் என்ன செய்யும் என்று விளக்குவது லோகோவின் வேலை அல்ல. பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் போதும். டெபியனைப் பாருங்கள். 1999-ல் ராவுல் சில்வா வரைந்த ஒரு சிவப்புச் சுழி, அவ்வளவுதான். அதில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? கறுப்பில் அச்சடித்தாலும், ரப்பர் ஸ்டாம்பு செய்தாலும் அது டெபியன்தான். பிள்ளையார் சுழி போடத் தெரிந்தவன் எவனும் அதையும் போட்டுவிடலாம்!

"அப்போ லினக்ஸ் பென்குயின்?" என்று கேட்பீர்கள். 1996-ல் லாரி யூயிங் ஜிம்ப்பில் வரைந்த அந்த டக்ஸ் செல்லப்பிள்ளை. செல்லப்பிள்ளை வேறு, லோகோ வேறு. ஃப்ரீபிஎஸ்டி இதைப் புரிந்துகொண்டது. 2005-ல் போட்டி வைத்து, கொம்பு முளைத்த ஒரு சிவப்பு உருண்டையை லோகோவாக எடுத்துக்கொண்டது. பழைய குட்டிச்சாத்தானையும் துரத்தவில்லை.

டக்ஸிடம் கற்க வேண்டியது வேறொன்று. யாராவது கேட்டால் என் பெயரையும் ஜிம்ப்பையும் சொல்லுங்கள், மற்றபடி பயன்படுத்துங்கள், மாற்றுங்கள் என்று யூயிங் அனுமதி கொடுத்தார். நம்ம ஆள் கொடுத்தது ஒரே ஒரு ஜேபெக். அந்த உருண்டை தேடுபொறியில் சுட்டது, யாருடையது என்று அவனுக்கே தெரியாது. நிரலுக்கு மூலம் கொடு, உரிமம் கொடு என்று ஊருக்கு உபதேசம் செய்கிறோம். நம் நெற்றியில் ஒட்டியிருப்பது திருட்டுப் படமா? நாளைக்கு ஒருவர் சட்டையில் அச்சடிக்கக் கேட்டால் எதைக் கொடுப்பது? எஸ்விஜி கோப்பும் தெளிவான உரிமமும் இல்லாத லோகோ கட்டற்ற மென்பொருளுக்கு அவமானம்.

நண்பா, இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். உன் 'அ' நீயே கையால் வரைந்தது, அருமையாக இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொள். மற்ற எல்லாவற்றையும் அழி. டீ என் செலவு :-)