சாரதி இல்லாத தேர்

தேர் நிற்கிறது; குதிரைகள் நிற்கின்றன; சாரதியைக் காணோம். இத்தகைய தேர்களைத்தான் இன்று நம் மாணவர் பலர் பையில் சுமந்து திரிகின்றனர். கணினியில் இயங்குதளத்தை நிறுவ முனையும்போது, ‘தேவையான டிரைவர் இல்லை’ என்று திரையில் ஒரு வரி தோன்றுகிறது. அந்த ஒரு வரிக்கு அஞ்சி, நல்ல இயந்திரத்தைப் பழுதென்று எண்ணிக் காசைக் கரைப்போர் நம்மிடையே உண்டு. இந்த அச்சம் தேவையற்றது. இதைப் போக்கும் பொறுப்பு மாணவருக்கு மட்டுமன்றிக் கல்லூரிக்கும் அரசுக்கும் உண்டு என்பது என் கருத்து.

டிரைவர் என்பது யாது? விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்துக்கும், வட்டு, திரை, ஒலி, வைஃபை முதலான உறுப்புகளுக்கும் இடையே நின்று பேசும் சிறு நிரலே அது. உறுப்பு நலமாகவே இருக்கும். அதன் பாஷை அறிந்தவர்தாம் இல்லை. ஆகவே ‘டிரைவர் இல்லை’ என்பதற்கு ‘உறுப்பு கெட்டுவிட்டது’ என்று பொருள் கொள்வது தவறு.

எங்கள் நைனார்பாளையத்தில், மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடும் குடும்பம் ஒன்று, மகளின் படிப்புக்காக ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய மடிக்கணினியை வாங்கியது. விண்டோஸை மறுபடி நிறுவ முயன்றபோது, வட்டு எதுவுமே இல்லை என்றது திரை. பழுதுபார்க்கும் கடையொன்றில், “டிஸ்க் போய்விட்டது, 3,500 ரூபாய் ஆகும்” என்றார்கள். டிஸ்க் போகவே இல்லை! 2020இல் வெளிவந்த இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதலாகப் பல மடிக்கணினிகளில் வட்டானது வி.எம்.டி. என்னும் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குரிய டிரைவர் நிறுவும் பென் டிரைவில் இல்லாவிட்டால் வட்டு கண்ணில் படாது. கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, பொதி பிரித்து, பென் டிரைவில் வைத்து, ‘லோட் டிரைவர்’ என்பதை அழுத்திக் காட்டினால் போதும். அந்தப் பெண்ணுக்கு நான் செய்து கொடுத்ததும் அவ்வளவே. அந்த 3,500 ரூபாய் அவர்கள் வீட்டில் எத்தனை நாள் உழைப்பு என்பதை ஊரார் அறிவர்.

வேறொரு வகையும் உண்டு. விண்டோஸ் 7 வெளியான ஆண்டு 2009. அதன் மூலப் பிரதியில் யு.எஸ்.பி. 3.0 டிரைவர் கிடையாது. ஆகவே பென் டிரைவை நீல நிறத் துளையில் செருகி நிறுவத் தொடங்கினால், பாதி வழியில் அதே பென் டிரைவைக் காணோம் என்று நின்றுவிடும். கறுப்பு நிறமான பழைய 2.0 துளையில் செருகினால் பெரும்பாலும் தீர்ந்தது. சில வேளைகளில் இறக்கிய பிரதியே பழுதுபட்டிருப்பதும் உண்டு. அப்போதும் திரை டிரைவரையே குறை கூறும்! இதில் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும்: விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன.

“இணையத்தில் இணைந்தால் விண்டோஸ் தானே எல்லா டிரைவரையும் தேடிக்கொள்ளுமே” என்பர் சிலர். உண்மைதான். ஆனால் வைஃபை டிரைவரே இல்லாதபோது இணையத்தில் இணைவது எப்படி? கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கயிறு கிணற்றுக்குள்ளே கிடக்கிறது! கைபேசியைக் கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குத் தருவது இதற்கொரு வழி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வரும் மாணவனுக்கு இதை முன்கூட்டியே சொல்லித் தந்தால், இதற்கென்று மலையிறங்கும் ஒரு நாள் மிச்சமாகும்.

அரசு மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது. பாராட்டுக்குரிய பணி. ஆயினும், கொடுத்த கருவி ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருக்க வேண்டாமா? கொள்முதல் செய்யும்போதே, ‘இந்த மாதிரிக்குரிய டிரைவர்கள் அனைத்தும் பொதுவில் நெடுங்காலம் கிடைக்க வேண்டும்’ என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது பெரிய காரியமன்று.

டிரைவரைப் பூட்டி வைப்பதன் துன்பத்தை உலகம் முன்பே கண்டிருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஓர் அச்சுப்பொறியின் நிரலைத் திருத்த விரும்பினார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த மனக்கசப்பும் ஒரு காரணமாக, 1983இல் க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அவர் அறிவித்தார். இன்று லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கருவகத்தோடு சேர்ந்தே வருகின்றன.

நம் கல்லூரி செய்யக் கூடியது என்ன? கணினிக் கூடத்தில் ஒரு ‘டிரைவர் அலமாரி’ வேண்டும். மாணவர் கையிலுள்ள ஒவ்வொரு மாதிரிக்கும் வட்டு, வைஃபை டிரைவர்களை ஒரு வட்டில் சேமித்து வைக்கலாம். பெயர் தெரியாத உறுப்பின் அடையாள எண்ணைப் படிக்கும் முறையைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு ஒட்டலாம்; தயாரிப்பாளர் எண் 8086 எனில் இன்டெல், 10இசி எனில் ரியல்டெக் என்று அதுவே சொல்லிவிடும். பழையதை அழிக்கும் முன் அதிலுள்ள டிரைவர்களைப் பிரதி எடுக்கும் பழக்கத்தை ஊட்டலாம். முன்பின் அறியாத தளங்களில் ‘இலவச டிரைவர்’ தேடிப் போய் வைரஸை வீட்டுக்கு அழைத்து வரும் அவலமும் குறையும்.

“வரலாறும் இலக்கியமும் பயில்வோருக்கு இது எதற்கு?” என்று கேட்கலாம். கருவி எல்லார் கையிலும் வந்துவிட்ட பிறகு, அதன் நோயறியும் அறிவு மட்டும் ஒரு துறைக்கே உரியதாக இருப்பது முறையா? வரும் கல்வியாண்டிலாவது அந்த அலமாரி திறக்கப்பட வேண்டும். பொறுப்பேற்க மாணவர் இருவர் போதும். நான் ஒருவன், இன்னொருவர் யார்?