மாணவர் அமைக்கும் மின்சாரப் பந்தயக் கார் உணர்த்தும் பாடம்

2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் சுவிற்சர்லாந்தின் சூரிச் சமஷ்டித் தொழில்நுட்ப நிறுவனத்தையும் லுசேர்ன் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த மாணவர்கள் உலக சாதனையொன்றை நிலைநாட்டினர். அவர்கள் அமைத்த மின்சாரக் கார், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை 0.956 செக்கனில் எட்டியது. அதற்குத் தேவைப்பட்ட தூரம் 12.3 மீற்றர் மாத்திரமே.

இச்சாதனை வியப்புக்குரியதே. ஆயினும், இத்தகைய மாணவர்களை உருவாக்கிய போட்டி முறைமையே நமது கவனத்தைக் கூடுதலாக ஈர்க்கின்றது. 1981 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த இம்முறைமை 1998 இல் பிரித்தானியாவிலும் 2006 இல் ஜேர்மனியிலும் 'போர்முலா ஸ்ரூடன்ற்' என்னும் பெயரில் கால்பதித்தது. 2010 இல் ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் மின்சாரக் கார்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. இந்தியாவில் கோயம்புத்தூரின் கரி பந்தயத் திடலில் 'போர்முலா பாரத்' போட்டி நடத்தப்பட்டு வந்துள்ளது. அதுவரை எரிபொருளில் இயங்கும் கார்களை அமைத்து வந்த சென்னை ஐ.ஐ.ரி. மாணவர்கள், 2022 நவம்பரில் தமது முதலாவது மின்சாரப் பந்தயக் காரை வெளியிட்டனர்.

பந்தயம் என்றதும் வேகமே முதன்மை பெறும் என எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. சாதனை படைத்த சுவிஸ் காரின் வலு 240 கிலோவாற். போட்டியிலோ மின்கலத் தொகுதியிலிருந்து பெறக்கூடிய வலு 80 கிலோவாற்றுக்கு மேற்படலாகாது. ஆகவே அச்சாதனை போட்டி விதிகளுக்கு வெளியே நிகழ்த்தப்பட்டதொன்றாகும். போட்டிக்குள் வருவோர் வரையறைக்குள் நின்றே திறமையைக் காட்ட வேண்டும்.

மாணவர் கைகளில் 600 வோல்ற் வரையிலான மின்னழுத்தம் இருப்பதால் பாதுகாப்புச் சோதனைகள் மிகக் கடுமையானவை. உயர் மின்னழுத்தச் சுற்று காரின் உடற்பகுதியிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டிருத்தல் அவசியம். மின்கசிவு உணரப்பட்டால் மின்கலத் தொடர்பு தானாகவே துண்டிக்கப்பட வேண்டும். காரின் மீது 120 செக்கன்கள் நீர் தெளித்தும் பரிசோதிக்கின்றனர். சாரதி 5 செக்கனில் ஆசனத்தை விட்டு வெளியேறிக் காட்ட வேண்டும். மின் பாதுகாப்புக்கு ஒவ்வொரு அணியும் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். இவற்றில் தவறும் கார், எத்துணை வேகமானதாயினும் ஓடுபாதையில் இறங்க முடியாது.

இறங்கிய பின்னரும் சோதனை ஓய்வதில்லை. ஏறத்தாழ 22 கிலோமீற்றர் நீளும் நெடுந்தூர ஓட்டத்தில் பாதி வழியில் சாரதி மாற வேண்டும். பெரிய மின்கலத் தொகுதியைப் பொருத்தினால் காரின் பாரம் கூடுகின்றது. சிறியதைப் பொருத்தினால் எல்லையை அடையுமுன் மின்சாரம் தீர்ந்துவிடும். ஆரம்பத்திலேயே வேகத்தைக் கூட்டினால் மின்கலங்கள் சூடேறி, அனுமதிக்கப்பட்ட 60 பாகை செல்சியஸ் எல்லையைத் தாண்ட, கார் தானாகவே நின்றுவிடும். எதைப் பெறுவதற்கு எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிப்பதே பொறியியலின் உயிர்நாடி.

மொத்தப் புள்ளிகள் 1000. அவற்றில் 325 புள்ளிகள் கார் ஓடாமலேயே, வடிவமைப்பு, செலவு, வணிகத் திட்டம் ஆகியவற்றின் பேரில் வழங்கப்படுகின்றன. ஒரு பாகத்தை ஏன் இவ்வாறு அமைத்தீர்கள் என்று நடுவர்கள் வினவும்போது, விலைக்கு வாங்கிப் பொருத்தினோம் என்ற பதில் புள்ளி தருவதில்லை. தமது தீர்மானத்தைக் கணிப்புகளாலும் பரிசோதனைகளாலும் நியாயப்படுத்த வேண்டியவர்கள் மாணவர்களே.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பதை நாம் அறிவோம். எனினும் பரீட்சை மண்டபத்தில் எழுதப்படும் விடைத்தாளே நமது உயர்கல்வியின் அளவுகோலாக நீடிக்கின்றது. விடைத்தாளில் நேரும் பிழை சில புள்ளிகளையே குறைக்கும். 600 வோல்ற் மின்சுற்றில் நேரும் பிழை உயிரையே பறிக்கக்கூடும். இந்த வேறுபாட்டை உணர்ந்து பழகியவரே பொறுப்புள்ள பொறியியலாளராக முடியும்.

2020 இல் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையடுத்து, இலங்கையின் வீதிகளில் மின்சாரக் கார்கள் பெருகி வருகின்றன. அவற்றைப் பழுதுபார்க்கவும், விபத்தின்போது பாதுகாப்பாகக் கையாளவும் அறிந்தோர் நமக்குத் தேவை. பந்தயக் காருக்குச் செலவிடுவது ஆடம்பரம் எனச் சிலர் கூறக்கூடும். உதிரிப்பாகங்களுக்கு அந்நியச் செலாவணி தேவைப்படுவதும் உண்மையே. ஆனால் முதல் முயற்சியே ஹொக்கன்ஹைமுக்குச் செல்ல வேண்டியதில்லை. குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் சிறிய காரொன்றை உரிய மேற்பார்வையுடன் அமைப்பதிலிருந்து தொடங்கலாம். அப்பணியைப் பாடத்திட்டத்தின் புள்ளிகளுடன் இணைப்பது பல்கலைக்கழகங்களின் கடமை. பணிமனையையும் அனுபவத்தையும் பகிர்ந்துகொள்ளத் தனியார்துறை முன்வர வேண்டும்.

மாணவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்காத கல்வி, பட்டதாரிகளை உருவாக்கலாம், பொறியியலாளர்களை உருவாக்காது. சம்பந்தப்பட்டோர் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டுமென வலியுறுத்த விரும்புகின்றோம்.