பெயரை விழுங்குவோர்

“இணையத்திற் கிடந்தது, எடுத்தோம்” என்கின்றனர், தனித்து நின்று கணினி விளையாட்டு ஆக்குவோர் சிலர். கிடந்ததா? ஒருவர் கண்விழித்து வரைந்ததன்றோ!

2012இல் நடந்த ‘லிபரேட்டட் பிக்சல் கப்’ போட்டிக்கென ஓவியர் பலர் வரைந்தளித்த உருவங்களை இன்றும் எவரும் எடுக்கலாம், திருத்தலாம், விலைக்கு விற்கும் விளையாட்டிலும் சேர்க்கலாம். அவற்றுக்குரிய கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் காசு கேட்கவில்லை. வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிடுக. திருத்திய சித்திரத்தை அதே உரிமத்திலேயே பிறர்க்கும் வழங்குக. முதன்மையாகக் கேட்பது இவ்வளவே. இதற்கும் மனமில்லாதோர் முதலின்மையைக் காரணங் காட்டுவது வேடிக்கை! பெயரெழுத எவ்வளவு மூலதனம் வேண்டும்? உழைப்பாளியின் பெயரைப் பெருங் கம்பனிகள் மறைப்பதைக் கண்டிக்கும் இவர்களே, தம் சிறு பட்டறையில் அதனையே செய்கின்றனர்.

‘வணிகத்துக்கன்று’ என்ற நிபந்தனையுடன் வெளிவந்த சித்திரத்தை விற்பனைக்கு வைப்போரும் உளர். அச்சித்திரமே வேண்டுமாயின், ஓவியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கூலி பேசட்டும்.