காரும் வீதியும்: ஒரு மறுப்புரை

கோவை மாநகரில் அண்மைக் காலமாக ஒரு பழைமைப் பித்து பரவி வருகிறது. விடுமுறை நாள்களில் அரை நூற்றாண்டுக்கு முந்திய கார்கள் மெழுகு பூசப்பட்டு ஊர்வலமாகப் புறப்படுகின்றன. டவுன்ஹாலின் கறுப்பு வெள்ளைப் படங்கள் சட்டமிடப்பட்டு உணவு விடுதிகளின் சுவர்களில் தொங்குகின்றன. சோழவரத்தில் யார் யாரை முந்தினார் என்பது திருமண விருந்துகளில் பேசப்படுகிறது. பேச்சு முடியும்போது ஒரு பெருமூச்சும் தவறாமல் எழுகிறது: "அந்தக் காலத்துக் கோயமுத்தூர் போல் வருமா!" நம் பங்குகளிலும் இந்தப் பெருமூச்சைக் கேட்கிறோம். இதற்கு ஒரு மறுப்பை எழுதி வைப்பது தேவை எனக் கருதுகிறோம்.

பழையதைப் பேணுவதில் நமக்கு எதிர்ப்பில்லை. அவிநாசிச் சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள் என்றே சொல்வோம். எழுபது, எண்பது ஆண்டு கண்ட இயந்திரத்தை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருப்பது எளிய செயலன்று. கிடைக்காத உதிரி பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்தெடுக்கும் பொறுமை மதிக்கத் தக்கது. ஆனால் காரையும் வீதியையும் ஒரே சட்டத்திற்குள் மாட்டி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கண்ணீரை வடிக்கிறார்களே, அதைத்தான் நம்மால் ஏற்க இயலவில்லை. ஏனெனில் ஒன்றை மற்றொன்று விழுங்கியது என்பதே வரலாறு.

ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, ரங்கே கவுடர் வீதி, நம் புனித மிக்கேல் பேராலயம் நிற்கும் பெரிய கடை வீதி ஆகியவை கால்நடையாக வருவோருக்கும் மாட்டு வண்டிகளுக்கும் குதிரை வண்டிகளுக்கும் அமைந்தவை. 1892இல் டவுன்ஹால் எழுந்தபோது இந்நகரில் கார் என்ற சொல்லே இல்லை. இரயில்வேயில் வரைவாளராக இருந்து, 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். அதற்கு வந்த கூட்டம் பெரும்பாலும் நடந்து வந்த கூட்டம். பின்னாளில் டிலைட் எனப் பெயர் மாறிய அந்தக் கொட்டகையும் இடிக்கப்பட்டுவிட்டது. வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தச் சாலையிலோ நடக்க இடமில்லை.

நடைபாதையை எடுத்துக்கொண்டது எது? அவிநாசிச் சாலையின் நிழல் மரங்கள் எதற்காக வெட்டப்பட்டன? கடைவாசலில் நின்று நலம் விசாரிக்கும் பழக்கத்தை ஒழித்தது எது? விடை தெரிந்ததே. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்தில் வண்டியை வெளியே எடுப்பதற்காக நடக்கும் சச்சரவைக் கண்டவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சமாதானம் பகிர்ந்து அரைமணி நேரம்கூட ஆகியிராது!

2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த மேம்பாலம் திறக்கப்பட்டு, அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. அம்மாமனிதருக்கு எந்தப் பெருமையும் தகும். ஆயினும் எண்ணிப் பாருங்கள். அவர் 1920இல் தொடங்கியது பேருந்து. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டிய ஒற்றை வண்டியிலிருந்து யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்ற பெரும் நிறுவனத்தை வளர்த்தார். கட்டணம் கொடுத்த எவரும் ஏறி அமரக்கூடிய பொது வண்டி அது. அவர் பெயர் தாங்கிய பாலத்தின்மேல் கார்கள் நிமிடங்களில் பறந்துவிடுகின்றன; நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று செல்லும் நகரப் பேருந்தும், சாலையைக் கடக்கக் காத்திருக்கும் முதியவரும் கீழே இருக்கிறார்கள். இந்த முரணை எவரும் பேசக் காணோம்.

நாயுடு உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கியதும் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். கோவையின் மோட்டார் வரலாறு தொடங்குவது இந்தக் கழற்றலில்தான், உடைமையில் அன்று. மில் இயந்திரங்களுக்கும் கிணற்று நீருக்கும் தேவைப்பட்ட வார்ப்பும் கடைசலும் பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் ஆயிரம் கைகளைப் பழக்கின. அந்தக் கைகளே பழைய வண்டிகளையும் உயிரோடு வைத்திருக்கின்றன. ஊர்வலத்தில் ஒலிபெருக்கி யாருடைய பெயரை அழைக்கிறது? வண்டியின் பெயர், ஆண்டு, உரிமையாளரின் பெயர், அவர் பாட்டனாரின் பெயர். தகடு தட்டியவர், வர்ணம் அடித்தவர், கியர் பெட்டியைப் பிரித்துச் சேர்த்தவர் கூட்டத்தின் ஓரத்தில் கைக்குட்டையோடு நிற்கிறார், வண்டி நின்றுவிட்டால் தள்ளுவதற்காக. 2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது வண்டிக்காக வருந்தியோர் பலர். அதை மட்டுமே கற்று வைத்திருந்த மெக்கானிக்கின் பிழைப்பு என்னாகும் என்று கேட்டவர் சிலரே.

பந்தயத்தைப் பற்றியும் ஒரு சொல். சோழவரம் என்பது போர்க்காலத்து விமான ஓடுதளம். அங்கே புகழ் பெற்ற நம் ஊர்க்காரர் எஸ். கரிவரதனை வேகக்காரராக மட்டும் நினைவுகூர்வது அவரைக் குறைப்பதாகும். செல்வர் வீட்டுப் பிள்ளைதான். ஆயினும் மாருதி 800இன் சிறிய எஞ்சினைக் கொண்டே பந்தய வண்டி கட்டலாம் எனக் காட்டி, செலவைக் குறைத்து, இளைஞர் பலருக்கு வழி திறந்தார். ஃபார்முலா மாருதி அவ்வாறு பிறந்தது. 1995இல் சிறு விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த ஓடுதளம் அவர் பெயரைத் தாங்குகிறது. ஈராண்டு கழித்து, கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் களத்தில் ஓடிய முதல் இந்தியரானார். இண்டியானாபோலிசில் நான்காவதாக வந்தார். (அன்று ஓடியவை ஆறே வண்டிகள் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.) இவர்கள் வேகத்தைத் தடத்திற்குள் வைத்தவர்கள். இவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு நள்ளிரவில் பொதுச் சாலையில் சீறும் இளைஞனுக்கு அந்த மரபில் பங்கு கிடையாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழகச் சாலைகளில் 17,884 பேர் மாண்டனர். வாகனம் அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகிவிடக் கூடாது என்று 2007இல் திருப்பீட அவையொன்று சாலை மேய்ப்புப்பணிக்கான வழிகாட்டலில் எச்சரித்தது. நம் மறையுரைகளில் அது எத்தனை முறை ஒலித்திருக்கும்?

இனி, நம்மை இதை எழுதத் தூண்டிய காரணத்திற்கு வருவோம். "எவ்வளவு அமைதியான ஊர்" என்று அந்தப் பழைய வீதிகளைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒப்பணக்கார வீதியைப் பற்றியா இதைச் சொல்கிறீர்கள்? 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த வெறியாட்டத்தில் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். கடைகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. 1998 பெப்ரவரி 14 அன்று நகரெங்கும் வெடித்த குண்டுகளில் 58 பேர் மாண்டனர். அதன் பிறகு எத்தனை குடும்பங்கள் கலந்து வாழ்ந்த தெருக்களை விட்டுத் தத்தம் மக்கள் மிகுந்த பகுதிகளுக்குப் பெயர்ந்தன! பழைய கோவை கலைந்தது கட்டடம் இடிந்ததால் மட்டுமா? அடுத்த கடைக்காரரை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகும் வழக்கம் அந்த மூன்று மாதங்களில் செத்தது. சுவரில் தொங்கும் படங்கள் அனைத்தும் வசதியாக அதற்கு முந்திய ஆண்டுகளோடு நின்றுவிடுகின்றன. "வெளியூர்க்காரர் வந்து கெடுத்தார்கள்" என்ற விளக்கமும் உடன் வருகிறது. கொளுத்தியவர்களும் குண்டு வைத்தவர்களும் இவ்வூர்த் தண்ணீரைக் குடித்தவர்களாகவும் இருந்தார்கள் என்பதை அந்தப் பெருமூச்சு மறைத்துவிடுகிறது.

அடுத்த ஊர்வலத்திற்கு வண்டிகளைத் துடைப்போருக்கு நம் வேண்டுகோள் இது: பட்டறைக்காரர்களை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்த்தி அழைத்து வாருங்கள். வண்டிகளை நேரு விளையாட்டரங்கின் அருகிலேயே நிறுத்திவிடுங்கள். மணிக்கூண்டிலிருந்து உக்கடம் வரை ஒப்பணக்கார வீதியில் நடந்து செல்லுங்கள். அறுபது கடந்த ஏதேனும் ஒரு கடைக்காரரிடம், எந்த மதத்தவராயினும் சரி, அந்த நவம்பரில் கடையைத் திறந்தீர்களா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். காத்திருங்கள்.