வரைந்தவர் பெயர் எங்கே?

குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றை எடுத்துப் பின்னட்டையைப் பாருங்கள். விலை இருக்கும், பதிப்பகத்தின் முகவரி இருக்கும், பார்கோடு இருக்கும். அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கலாம். பல புத்தகங்களில் அந்த ஊர் சிவகாசி. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவைத்தது. அந்தச் சட்டம் இப்போது நீக்கப்பட்டுவிட்டாலும் பழக்கம் தொடர்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் முழுக்க முழுக்கப் படங்களாலேயே ஆன அந்தப் புத்தகத்தில், படங்களை வரைந்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

நான் எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவி. கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் இன்டர்ன்ஷிப் சேர்ந்து, மழலையர் வகுப்புக்கான வண்ணப் புத்தகத்துக்குப் படம் வரைந்தேன். சம்பளம் கிடையாது, முடிவில் ஒரு சான்றிதழ். புத்தகம் இப்போது கடையில் இருக்கிறது, என் பெயர் அதில் இல்லை. என்னோடு படிக்கும் பலருக்கும் இதே அனுபவம் உண்டு என்பதால் ஒரு பதிப்பகத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கூலியும் பெயரும் தராத இந்த வழக்கத்தால் மாணவர்களுக்குத்தான் நஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிரேயானோடு உட்காரும் குழந்தைக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் என்பது வேலை செய்து பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

முதல் நாள் என் கையில் ஒரு பட்டியல் வந்தது. அ முதல் ஃ வரை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படம். அம்மா, ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல் என்று நாம் எல்லோரும் படித்த அதே வரிசை. “நெட்ல நல்ல படமா எடுத்து டிரேஸ் பண்ணிடும்மா” என்றார் பொறுப்பாசிரியர். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. இந்தத் தொழிலில் வேலை இப்படித்தான் நடக்கிறது. இலவசப் படம் ஒன்றை இறக்கி, கணினியில் அதன் மேலேயே கோடு இழுத்து, கொம்பையோ வாலையோ சற்று மாற்றிவிட்டால் ஒரு பக்கம் முடிந்தது.

ஆட்டைத் தேடினேன். கழுத்தில் மணி கட்டிய, காது விறைத்து நிற்கும் ஐரோப்பிய ஆடுகள் வரிசையாக வந்தன. செம்மறி என்று தேடினால் பஞ்சு மேகத்துக்கு நான்கு கால் முளைத்த உருவம். நம் ஊர் மேச்சேரிச் செம்மறிக்கும் வேம்பூர்ச் செம்மறிக்கும் அப்படிப்பட்ட கம்பளி கிடையாது. முடி குட்டையாக உடம்போடு ஒட்டியிருக்கும். நிழலும் நிறமும் இல்லாமல் வெறும் கோட்டில் வரையும்போது வெள்ளாட்டையும் செம்மறியையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது? சூளைப் பக்கத்துச் சந்தில் கட்டியிருந்த ஆடுகளின் எதிரே ஸ்கெட்ச் புத்தகத்தோடு உட்கார்ந்தபோது விடை கிடைத்தது. வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், செம்மறியின் வால் கீழே தொங்கும். அந்த ஒரு கோட்டை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்பதில்தான் ஆடு ஆடாகிறது.

ஈக்கு இறக்கை இரண்டு. இறக்கிய படங்களில் பாதிக்கு மேல் நான்கு இறக்கை. தேனீக்கு உரியதை ஈக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். எறும்பின் ஆறு கால்களும் உடம்பின் நடுப்பகுதியிலிருந்துதான் புறப்படும். இணையத்து எறும்புகளுக்கோ கால் வயிற்றிலிருந்து முளைத்திருந்தது. உரலுக்கு ஆங்கிலப் பெயர் கொடுத்துத் தேடினால் மருந்துக்கடைச் சின்னம் போன்ற சிறு கிண்ணம் வருகிறது. பாட்டி வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் இடுப்பு ஒடுங்கிய உரலை அம்மாவை விட்டுப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பக்கத்தில் உலக்கை பிடித்த ஒரு பெண்ணையும் சேர்த்து வரைந்தேன். உரலைத் தனியாக விட்டால், அடுக்குமாடி வீட்டில் வளரும் குழந்தை அதைப் பூந்தொட்டி என்றுதான் நினைக்கும்.

“இவ்வளவு பார்த்துப் போடணுமாம்மா? குழந்தை கிறுக்கத்தானே போகுது” என்று கேட்டார் பொறுப்பாசிரியர். நான் முழு மனதோடு மறுக்கும் வாக்கியம் இது. மூன்று வயதுக் குழந்தை எறும்பை உட்கார்ந்து ஆராய்ந்திருக்காது. ஆனால் அந்தப் பக்கத்தில் அது நெடுநேரம் செலவிடும். ஒவ்வொரு காலையும் தனித்தனியாகத் தேய்க்கும். பெரியவர்கள் எந்தப் படத்தையும் அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை. ஓர் உயிரின் உருவம் மனதில் முதலில் பதியும் இடங்களில் ஒன்று இந்தப் புத்தகம். கோட்டில் இருக்கும் பிழையை எந்த வண்ணமும் மறைக்காது.

கோடு போடுவதிலும் கற்க நிறைய இருந்தது. பதிப்பகத்தில் லேஅவுட் செய்யும் அண்ணன் ஒருவர் எனக்கு ஆசிரியரானார். மிகச் சிறிய குழந்தை கிரேயானை முழுக் கையால் பிடித்துத் தோளிலிருந்து அசைக்கும். விரல் நுனியில் பிடிக்கும் பழக்கம் பிறகு மெல்ல வருகிறது. எனவே சின்னவர்களுக்குக் கோடு தடிமனாகவும் கட்டங்கள் பெரிதாகவும் இருக்க வேண்டும். கிரேயான் முனை நுழையாத இடத்தை வரையவே கூடாது. பின் அடிக்கும் நடு மடிப்பில் முகமோ கையோ விழக் கூடாது. மேப்லித்தோ தாளில் ஸ்கெட்ச் பேனா மை மறுபக்கம் ஊறும் என்பதால் பின்பக்கத்தை வெறுமையாக விடுவது நல்லது. பக்கங்கள் பதினாறு பதினாறாக ஃபாரத்தில் அச்சாகும் என்பதால் ஒரு படம் கூடினால் கணக்கு முழுவதும் மாறும். கல்லூரி வகுப்பறையில் கிடைக்காத பாடம் இது. அந்த அண்ணனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வண்ணப் புத்தகமே வேண்டாம் என்று சொன்ன கலைக் கல்வியாளர்களும் உண்டு. விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில், ஆயத்தமான கோட்டுருவங்கள் குழந்தையின் சொந்தக் கற்பனையைக் கெடுக்கும் என்று வாதிட்டார். பெரியவர் வரைந்த நேர்த்தியான நாயைத் தீட்டிய பிள்ளை, தான் வரைந்த நாயைப் பார்த்து வெட்கப்படும் என்ற அவருடைய கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆகவே சில பக்கங்களில் பாதியை மட்டும் வரைந்தேன். மரத்துக்கு அடிமரமும் கிளையும் உண்டு, இலையைக் குழந்தை போட்டுக்கொள்ளலாம். ஊஞ்சல் ஆடுகிறது, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது குழந்தையின் முடிவு. வேலை முடியாத பக்கம் போலத் தெரிகிறது என்று அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டார்கள். இலையில்லாத மரம் மட்டும் தப்பியது.

எதிர்ப் பக்கத்தில் மாதிரிக்காக வண்ணம் தீட்டிய படம் வைப்பது நம் புத்தகங்களில் வழக்கம். அதில் அம்மாவின் முகத்துக்கு இளஞ்சிவப்பு கேட்டார்கள். கிரயோலா நிறுவனம் தன் கிரேயான் ஒன்றுக்குச் சூட்டியிருந்த ‘தோல் நிறம்’ என்ற பொருள் தரும் பெயரை 1962இலேயே கைவிட்டு ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. 2020இல் உலகத்து மனிதர்களின் பல்வேறு மேனி நிறங்களுக்காக 24 கிரேயான்கள் கொண்ட பெட்டியையே கொண்டுவந்தது. நம் பிள்ளைகளோ இன்னும் அந்த வெளிர் கிரேயானைத்தான் ‘ஸ்கின் கலர்’ என்கிறார்கள். என் அம்மாவின் நிறம் மாநிறம். மாதிரிப் படத்தில் அந்த நிறத்தை இட்டு, ஏன் என்று எடுத்துச் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். பேசினால் கேட்கும் மனிதர்கள் பதிப்புத் துறையில் இருக்கிறார்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

இனி கூலிக்கு வருகிறேன். ஒரு படத்தை டிரேஸ் செய்ய ஒரு மணி நேரம் போதும். ஆட்டைத் தேடிப் போய், பார்த்து, தப்பாக வரைந்து, மறுபடி பார்த்து வரைய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அந்த நாட்களுக்கு யாரும் பணம் தராதபோது மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? என் கல்லூரியில் பலர் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். சுவர் ஓவியமும் திருமண வீட்டு வேலையும் செய்து சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறவர்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் அவர்களால் சேர முடியாது. சேர்ந்தாலும் டிரேஸ் செய்துவிட்டு மாலை வேலைக்கு ஓட வேண்டும். ஆடு மேய்த்த வீட்டிலிருந்து வந்தவருக்கு ஆட்டை வரையும் வாய்ப்பு இப்படித்தான் பறிபோகிறது. மணி கட்டிய ஐரோப்பிய ஆடு நம் பிள்ளைகளின் புத்தகத்தில் நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூலி, பார்ப்பதற்கான நேரத்தைத் தருகிறது என்றால், பெயர் பொறுப்பைத் தருகிறது. கீழே என் பெயர் வரும் என்று தெரிந்தால் எறும்பின் கால் எங்கிருந்து புறப்படுகிறது என்று நான் இரண்டு தரம் பார்ப்பேன். கோவில்பட்டியில் இருந்து நாட்காட்டி ஓவியங்களை வரைந்த கொண்டையராஜுவின் பெயர் தென்னாட்டுப் பூஜை அறைகளில் புகழ் பெற்றதற்கு ஒரு காரணம், படத்தோடு கையெழுத்தும் அச்சானது. எங்கள் எழும்பூர்க் கல்லூரியில் படித்து, அம்புலிமாமாவில் விக்கிரமனையும் வேதாளத்தையும் வரைந்த சங்கரைத் தமிழ் வாசகர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். அவர் 2020இல் மறைந்தார்; மறுஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சென்னையின் துளிகா, தாரா பதிப்பகங்கள் ஓவியர் பெயரை அட்டையிலேயே போடுகின்றன. பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகமான ‘சீக்ரெட் கார்டன்’ 2013இல் வந்தபோது அதை வரைந்த ஜோஹன்னா பாஸ்ஃபோர்டின் பெயர் அட்டையில் இருந்தது. முப்பது நாற்பது ரூபாய்க்கு விற்கும் குழந்தைப் புத்தகத்துக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் வேண்டாமாம்?

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் தானே படைப்பாளி என்று கோரும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். 17ஆம் பிரிவோ, பணி ஒப்பந்தத்தின் கீழும் தொழில் பழகும் ஒப்பந்தத்தின் கீழும் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை தருபவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஒரு தாளும் கையெழுத்தாகாத இன்டர்ன்ஷிப் இதில் எந்தப் பக்கம் சேரும்? 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநருக்கு உதவித்தொகை தருவதை வேலை தருபவரின் கடமையாக்கியது. எங்கள் இன்டர்ன்ஷிப்புகள் பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்துக்குள் வருவதில்லை. இந்த இடைவெளியில்தான் மாணவர்களின் உழைப்பு கரைகிறது.

“லாபமே சொற்பம், இதில் ஓவியருக்கு எங்கே கொடுப்பது?” என்று பதிப்பாளர்கள் கேட்கலாம். சிறு பதிப்பகங்களின் கஷ்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கணக்குப் போட்டும் பார்த்தேன். ஓவியருக்கு 15,000 ரூபாய் கொடுத்து 5,000 பிரதி அச்சிட்டால் ஒரு பிரதிக்கு விழுவது 3 ரூபாய். மறுபதிப்புக்கு அந்தச் செலவும் இல்லை. பெயர் போடுவதற்குச் செலவே கிடையாது. “கற்றுக்கொள்ளத்தானே வந்தாய்” என்பது அடுத்த பதில். கற்றுக்கொண்டேன், மகிழ்ச்சிதான். ஆனால் பயிற்சிக்காக வரைந்தது என் ஸ்கெட்ச் புத்தகத்தில் இருக்கிறது. கடையில் விலைபோவது நான் முடித்துக் கொடுத்த வேலை.

செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் போட்டுத் தரும் காலம் இது. வெறும் டிரேஸ்தான் வேண்டும் என்றால் பதிப்பகங்களுக்கு இனி மாணவர் தேவைப்பட மாட்டார். ஆட்டின் எதிரே உட்கார்ந்து அதன் வாலைப் பார்க்கும் கண் வேண்டும் என்றால் மாணவர் வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும்.

கல்லூரிகளுக்கு என் கோரிக்கை இது. இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பும் முன் ஒரு பக்க ஒப்பந்தம் கேளுங்கள். உதவித்தொகை எவ்வளவு, அச்சில் பெயர் வருமா, படங்களின் உரிமை எத்தனை ஆண்டுக்கு என்ற மூன்று கேள்விக்கும் அதில் விடை இருக்கட்டும். பதிப்பாளர்களே, அச்சகத்தின் பெயருக்கு மேல் ஒரு வரி ஒதுக்குங்கள். மொத்தமாக வண்ணப் புத்தகம் வாங்கும் பள்ளிகளே, பெற்றோரே, வாங்கும் முன் அட்டையைத் திருப்பி, யார் வரைந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேள்வி கடையிலிருந்து பதிப்பகத்துக்குப் போய்ச் சேரும். நம் பிள்ளைகள் நெடுநேரம் குனிந்து பார்க்கும் படத்தை, நேரில் பார்த்த ஒருவர் வரைந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் பெயரோடும் கூலியோடும் வேலை செய்ய நாம்தான் வழி செய்ய வேண்டும்.